ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் போகாது. பிறகு எப்படிக் கடலடித் தரை நகர்வதை சென்டிமீட்டரில் அளக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ஜிபிஎஸ்ஸின் ரேடியோ அலை கடல்நீரில் சில சென்டிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியிருக்க, ஜப்பானுக்கு அருகே 1,700 மீட்டர், 3,000 மீட்டர் ஆழத்தில் உள்ள தரை இத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: ஒலியை வைத்து அளக்கிறார்கள் என்றால், நீரில் ஒலியின் வேகம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுமே, அந்தப் பிழை எங்கே போகிறது?

இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் உயிர்நாடி. முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும்: வானத்திலிருந்து கப்பல் வரை செயற்கைக்கோள், கப்பலிலிருந்து தரை வரை ஒலி. இரண்டையும் கப்பல் முடிச்சுப் போடுகிறது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஃபிரெட் ஸ்பீஸ் 1980-களில் முன்வைத்த யோசனை இது. 1990-களில் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் முதல் சோதனைகள் நடந்தன. 2000-ஐ ஒட்டி ஜப்பான் கடலோரக் காவல்படையின் நீர்வரைவியல் துறையும் அங்குள்ள பல்கலைக்கழகங்களும் இதை எடுத்து, ஆண்டு தவறாமல் நடக்கும் வேலையாக மாற்றின. ஆகவே ஜப்பானை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் தரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஓர் அளவீட்டு நிலையம் என்றால் மூன்று அல்லது நான்கு டிரான்ஸ்பாண்டர்கள். கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்கும் கருவிகள் இவை. அழுத்தம் தாங்கும் கூட்டுக்குள் பேட்டரியும் மின்னணுச் சுற்றும் இருக்கும். மேலே ஒலி வாங்கி அனுப்பும் தலை, கீழே கனமான எடை. கப்பலிலிருந்து அப்படியே நழுவவிடுவார்கள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், போட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளித்தான் தரை தட்டும். அதில் நட்டமில்லை. எங்கே விழுந்தது என்பது முக்கியமல்ல, விழுந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் முக்கியம். அதனால் சரிவும் சேறும் இல்லாத சமதளமாகப் பார்த்துத்தான் இடம் தேர்வார்கள். கருவிகளுக்கு இடையிலான அகலம் அந்த இடத்தின் ஆழத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருக்கும். 2,000 மீட்டர் ஆழம் என்றால் கருவிகளும் ஏறத்தாழ அந்த அளவுக்குப் பரந்து கிடக்கும்.

கப்பலில் மூன்று உறுப்புகள். பாய்மரத்தின் உச்சியில் செயற்கைக்கோள் ஆன்டெனா, நடுவில் கப்பலின் சாய்வையும் திசையையும் சொல்லும் அசைவு உணரி, அடிவயிற்றில் ஒலி அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர். நமக்கு வேண்டியது டிரான்ஸ்டியூசரின் இடம். செயற்கைக்கோள் தருவதோ ஆன்டெனாவின் இடம். இரண்டுக்கும் நடுவே 20 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வைக் கணக்கிடுவதில் 0.05 பாகை தவறினால் டிரான்ஸ்டியூசரின் இடம் 1.7 செ.மீ. தவறும். கப்பல் உலர்துறையில் நிற்கும்போதே ஆன்டெனாவுக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் இடைப்பட்ட தூரத்தை நில அளவைக் கருவி வைத்து மில்லிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இனி ஒரு ‘பிங்’ எப்படிப் போய் வருகிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். கப்பல் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகிறது. அது வெறும் பீப் ஒலி அல்ல. ஒழுங்கற்றதுபோலத் தோன்றும், ஆனால் முன்கூட்டியே தீர்மானித்த ஒரு குறியீட்டு வரிசைப்படி அலையின் கட்டம் புரட்டிப் புரட்டிப் போடப்பட்டிருக்கும். டிரான்ஸ்பாண்டர் அதை வாங்கி, தனக்கென்று நிர்ணயித்த தாமதத்துக்குப் பிறகு திருப்பி அனுப்புகிறது. கப்பலில் பதிவான ஒலியின் மேல் அசல் வரிசையை வைத்து நகர்த்திக்கொண்டே போனால், இரண்டும் பொருந்தும் நொடியில் ஒரே ஒரு கூரான முகடு எழும். அந்த முகடுதான் ஒலி வந்து சேர்ந்த நேரம். ஒலி ஒரு சென்டிமீட்டரைக் கடக்க சுமார் 6.7 மைக்ரோ விநாடி ஆகும். ஆகவே முகட்டை மைக்ரோ விநாடிக் கணக்கில் படிக்க வேண்டும்.

இங்கேதான் முதல் சறுக்கல் வரும். 10 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 100 மைக்ரோ விநாடி. கப்பலின் அடிப்பகுதியில் பட்டுத் தெறிக்கும் ஒலியும் கலந்துவிட்டால் உண்மையான முகட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு முகடு முளைக்கும். மென்பொருள் ஒரு சுற்று தள்ளி உள்ள முகட்டை எடுத்துவிட்டால், போக வர தூரத்தைப் பாதியாக்கிய பிறகும் 7.5 செ.மீ. பிழை நிற்கும். தனித்தனிப் புள்ளியாகத் தவறினால் கண்ணில் பட்டுவிடும், நீக்கிவிடலாம். ஒரு குறிப்பிட்ட கோணத்திலிருந்து வரும் ஒலிகள் எல்லாமே தவறினால்தான் ஆபத்து, ஏனென்றால் அது பார்ப்பதற்கு ஓர் உண்மையான நகர்வைப் போலவே இருக்கும். மீதப் பிழைகளை (அளந்த நேரத்துக்கும் கணக்கிட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசங்களை) நேர வரிசையில் மட்டும் பார்க்காமல், கப்பலின் தலைத்திசையையும் ஒலி வந்த கோணத்தையும் வைத்து வரைந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் இது வெளிப்படும்.

இன்னொன்று: 3,000 மீட்டர் ஆழம் என்றால் ஒலி நேராகப் போய்த் திரும்ப 4 விநாடி. கப்பல் 5 நாட் வேகத்தில் போனால் அதற்குள் 10 மீட்டர் நகர்ந்திருக்கும். அனுப்பிய இடம் வேறு, வாங்கிய இடம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக நிலையும் சாய்வும் வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரம் ஜிபிஎஸ் நேரத்திலிருந்து 10 மில்லி விநாடி விலகினாலே பயண திசையில் 2.6 செ.மீ. போய்விடும். ஒரே பாதையில் எதிரெதிர்த் திசையில் ஓடினால் இந்தப் பிழை குறி மாறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். டிரான்ஸ்டியூசர் இருப்பிடத்தில் உள்ள நிலையான பிழையும் அப்படியே. அதனால்தான் எந்தக் கோட்டையும் இரு திசையிலும் ஓட்டுகிறார்கள்.

சரி, ஒலி வேகத்துக்கு வருவோம்.

கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். வெப்பம் ஒரு பாகை ஏறினால், குளிர்ந்த நீரில் சுமார் 4.5 மீட்டரும் இளஞ்சூடான நீரில் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் கூடும். உப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறினால் 1.3 மீட்டர். ஆழம் 100 மீட்டர் கூடினால் 1.6 மீட்டர் அளவில். கப்பலிலிருந்து சிடிடி கருவியைக் கம்பியில் இறக்கி வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் தரை வரை அளக்கிறார்கள். இடையிடையே, திரும்ப எடுக்காத சிறு உணரிகளைக் கடலில் போட்டு மேல்மட்ட நீரின் மாற்றத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் எவ்வளவு நல்ல கருவியானாலும் அது அந்த நேரத்து, அந்த இடத்து நீரைத்தான் சொல்லும். அடுத்த மணி நேரத்தில் நீருக்குள்ளேயே எழும் உள்ளலை ஒன்று வந்து அடுக்குகளை மேலும் கீழும் ஆட்டும். மேலே உள்ள 300 மீட்டர் நீர் மட்டும் 0.1 பாகை சூடேறியது என்று வையுங்கள். அந்த அடுக்கில் வேகம் 0.3 மீட்டர் கூடும். நேர்க்கீழான பாதையில் தூரக் கணக்கு 6 செ.மீ. பிசகும். தேடுவதோ ஆண்டுக்கு 4, 5 செ.மீ. நகர்வை. அளக்க வேண்டியதைவிட அளவுகோலின் ஆட்டம் பெரிது.

இதற்கு மருந்து கருவியில் இல்லை, வடிவியலில் இருக்கிறது. நான்கு டிரான்ஸ்பாண்டர்கள் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று கிடக்க, கப்பல் நடுவில் நிற்கிறது. ஒலி வேகத்தைத் தவறாக எடுத்துக்கொண்டதால் நான்கு தூரமும் 6 செ.மீ. அதிகமாக வருகிறது. வடக்குக் கருவியிடமிருந்து கப்பல் தெற்கே தள்ளிப்போனதாகத் தோன்றும்; தெற்குக் கருவி கப்பலை வடக்கே தள்ளும். இரண்டும் கழிந்துவிடும். கிழக்கு மேற்கும் அப்படியே. பிழை முழுவதும் ஆழத்தில் போய்ச் சேரும், கிடைமட்ட இடம் தப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு கருவியின் இடத்தையும் தனித்தனியாக நம்பாமல், தொகுதியின் மையம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பதன் காரணம் இதுதான். ஸ்பீஸ் குழுவினர் கப்பலைத் தொகுதியின் நடுவிலேயே நிறுத்தி வைத்தது இந்தச் சமச்சீருக்காகத்தான்.

ஜப்பானில் தொடக்கத்தில் கப்பலின் பின்புறம் ஒரு நீண்ட கம்பத்தில் டிரான்ஸ்டியூசரைக் கட்டி இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, கப்பலை மிதக்கவிட்டு அளந்தார்கள். காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே தரவு குவியும். சமச்சீர் கெட்டுப்போகும், நாள்களும் வீணாகும். 2008 முதல் டிரான்ஸ்டியூசரைக் கப்பலின் அடியிலேயே நிலையாகப் பொருத்தி, ஓடிக்கொண்டே அளக்கத் தொடங்கினார்கள். தொகுதியைச் சுற்றி வட்டம், பிறகு நடுவை வெட்டிச் செல்லும் கோடுகள் என்று பாதையை நாமே வரையலாம். ஒரு நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு நாளில் சில ஆயிரம் பிங்குகள் கிடைத்துவிடும். என் பார்வையில் இந்தத் துறையின் துல்லியத்தை உயர்த்தியது புதிய மின்னணுக் கருவி எதுவும் அல்ல. இந்த ஓட்டப் பாதை மாற்றம்தான்.

வேகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு பிசகினால்தான் மேலே சொன்ன கழிவு நடக்கும். குரோஷியோ போன்ற சூடான நீரோட்டத்தின் விளிம்பில் ஒரு பக்கம் நீர் சூடு, மறுபக்கம் குளிர். சூடான பக்கத்துக் கருவியின் ஒலி சீக்கிரம் வந்து, அது பக்கத்தில் இருப்பதாகக் காட்டும். இது கழியாது, நேராக ஒரு போலி நகர்வாக வந்து உட்கார்ந்துவிடும். இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உதவிக்கு வருகிறது. வெப்பச் சரிவு மேல்மட்டத்தில் இருந்தால், நான்கு கருவிகளுக்கும் போகும் ஒலிக்கதிர்கள் அந்த அடுக்கில் இன்னும் பிரியாமல் கிட்டக்கிட்டவே இருக்கும். ஆகவே பிழை கப்பல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். சரிவு ஆழத்தில் இருந்தால் கதிர்கள் அங்கே நன்கு விலகியிருக்கும். பிழை எந்தக் கருவி என்பதைப் பொறுத்து மாறும். கப்பல் பல இடங்களிலிருந்து பல கருவிகளைக் கூப்பிடுவதால் இரண்டையும் கணக்கில் பிரித்தெடுக்க வழி இருக்கிறது.

ஜப்பான் கடலோரக் காவல்படையின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கார்போஸ் என்ற திறந்த மூல மென்பொருள் இதைத்தான் செய்கிறது. பைத்தானில் எழுதப்பட்டது, யாரும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். கருவிகளின் இடத்தையும், ஒலி வேகம் நேரத்தோடு மாறும் வளைவையும், இரண்டு வகைச் சரிவுகளையும் ஒரே கணக்கில் சேர்த்துத் தீர்க்கிறது. அந்த வளைவு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதைக் கையால் திணிக்காமல், தரவே சொல்லும்படி ஒரு புள்ளியியல் அளவுகோலை வைத்துத் தேர்கிறது. புதிதாகச் செய்பவர்கள் தவறும் இடமும் இதுவே: வளைவை அளவுக்கு மீறி நெளியவிட்டால் மீதப் பிழை அழகாகக் குறையும், ஆனால் உண்மையான நகர்வையும் அது விழுங்கிவிடும். மீதி சிறியதாக இருப்பதாலேயே விடை சரியாகிவிடாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கருவிகள் எல்லாம் ஒரே பாறைத் தளத்தில் இருப்பதால் அவற்றின் ஒன்றுக்கொன்றான இடம் மாறாது என்று எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளின் அளவீடுகளை ஒன்றாக வைத்துத் தொகுதியின் வடிவத்தை ஒரே முறை நிர்ணயித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் முழுத் தொகுதி எவ்வளவு இடம் பெயர்ந்தது என்று மட்டும் கேட்கிறார்கள். தெரியாத எண்கள் குறைவதால் விடை திடமாகிறது. ஆனால் ஒரு கருவி மட்டும் சேற்றில் சாய்ந்தாலோ சரிந்தாலோ முழு விடையும் கெடும். ஒவ்வொரு கருவியையும் ஒரு முறை விட்டுவிட்டுக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். பேட்டரி தீர்வதும் இதே தலைவலிதான். பழையது உயிரோடு இருக்கும்போதே புதியதைப் போட்டு, இரண்டையும் சேர்த்து அளந்து இணைக்க வேண்டும். மொத்தமும் ஓய்ந்த பிறகு போட்டால் அத்தனை ஆண்டுகளின் தொடர்ச்சி அறுந்துவிடும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலி மேலிருந்து மட்டுமே வருவதால் வேகப் பிழையும் ஆழமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தலைக்கு நேர் மேலிருந்தும் எட்டத்திலிருந்தும் அளந்தால் ஓரளவு பிரிக்கலாம்: ஆழம் மாறினால் நேர்ப்பாதையில் அதிகமாகவும் சாய்பாதையில் குறைவாகவும் தெரியும், வேகம் மாறினால் நேர்மாறாக நீண்ட சாய்பாதையில்தான் அதிகம் தெரியும். அப்படியும் உயரத்தின் துல்லியம் கிடைமட்டத்தைவிடப் பல மடங்கு மோசம். ஒரு முறை அளவீட்டில் கிடைமட்டம் 2, 3 செ.மீ.க்குள் வரும், உயரத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்பதற்கு 2011 மார்ச் 11-ஐப் பார்த்தால் போதும். தோஹொகு நிலநடுக்கத்தில் நிலத்தில் இருந்த ஜிபிஎஸ் நிலையங்கள் காட்டிய பெரிய நகர்வு, ஓஷிகா தீபகற்பத்தில் 5.3 மீட்டர். கடலோரக் காவல்படை மார்ச் இறுதியில் கப்பலை அனுப்பி, நடுக்க மையத்துக்கு அருகே மியாகி கடற்பகுதியில் இருந்த நிலையத்தை அளந்தது. தரை கிழக்கு–தென்கிழக்காக 24 மீட்டர் நகர்ந்து, 3 மீட்டர் உயர்ந்திருந்தது. தோஹொகு பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒன்று, இன்னும் அகழியை (ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் புகும் இடத்தில் உள்ள ஆழமான கடலடிப் பள்ளம்) நெருங்கிய இடத்தில், 31 மீட்டர் காட்டியது. அகழியின் ஓரத்தில் கடலடி வரைபடங்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது சுமார் 50 மீட்டர். அகழியை நெருங்க நெருங்க நகர்வு ஏறிக்கொண்டே போகிறது. இரு தட்டுகளும் உரசும் பரப்பின் மேல்முனை பலவீனமானது, அங்கே பெரிய சறுக்கல் நடக்காது என்று பரவலாக இருந்த எண்ணம் இதில் உடைந்தது. கரையில் எத்தனை நூறு ஜிபிஎஸ் வைத்தாலும் இதைக் காண முடியாது, ஏனென்றால் சறுக்கும் இடம் கரையிலிருந்து 100, 200 கி.மீ. தள்ளிக் கிடக்கிறது. சுனாமியைக் கிளப்புவது அந்தப் பகுதிதான். 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் வரை, இலங்கையின் கிழக்குக் கரை வரை வந்த அலையும் சுமத்ரா–அந்தமான் அகழியை ஒட்டி இப்படிக் கடலடியில் நடந்த சறுக்கலில் பிறந்ததுதான்.

அந்த 24 மீட்டரைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அதில் நடுக்கத்துக்கும் அளவீட்டுக்கும் இடைப்பட்ட நாள்களின் பின்நகர்வும் (நடுக்கம் முடிந்த பிறகும் மெல்லத் தொடரும் நகர்வு) அடங்கும். கப்பல் எப்போது போகிறதோ அப்போதுதான் தரவு. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அதே நிலையம் எதிர்த்திசையில், நிலத்தை நோக்கி நகரத் தொடங்கியது. கரையில் உள்ள நிலையங்களோ கிழக்கே போய்க்கொண்டிருந்தன. தட்டின் அடியில் உள்ள மூடகம் (மேலோட்டுக்குக் கீழே உள்ள பாறை அடுக்கு) பாகுபோல இளகி ஓடுவதன் அடையாளம் அது; கடலடியில் அளந்திராவிட்டால் கண்ணில் பட்டிருக்காது.

தென்மேற்கு ஜப்பானுக்கு அப்பால் உள்ள நன்காய் அகழியில் கேள்வி வேறு. அங்கே பெரிய நடுக்கம் இனிமேல்தான் வரவேண்டும். இரு தட்டுகளும் ஒட்டிக்கொண்டு பூட்டிக் கிடக்கும் இடத்தில் மேல்தட்டின் கடலடித் தரை, கீழே புகும் தட்டோடு சேர்ந்து இழுபட்டுப் போகும். வழுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் அவ்வளவாக இழுபடாது. ஆண்டு வேகத்தை அளந்தால் எந்த இடம் விசையைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று தெரியும். இந்த நிலையங்களின் தரவிலிருந்து நன்காய் முழுவதற்குமான பூட்டுநிலை வரைபடம் 2016-இல் வெளிவந்தது. பூட்டு எங்கும் ஒரே சீராக இல்லை என்பதை அது காட்டியது.

வேகத்தை நம்ப எத்தனை ஆண்டு வேண்டும்? ஒரு அளவீட்டின் பிழை 2.5 செ.மீ., ஆண்டுக்கு நான்கு முறை அளவீடு என்று வையுங்கள். இரண்டு ஆண்டில் எட்டுப் புள்ளிகள். கோட்டின் சாய்வில் பிழை ஆண்டுக்குச் சுமார் 1.5 செ.மீ. நான்கு ஆண்டில் பதினாறு புள்ளிகள்; பிழை 0.5 செ.மீ. சொச்சம். காலம் இரட்டித்தால் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிறது. இடையில் மெதுச் சறுக்கல் (நடுக்கம் இல்லாமல் தட்டுகள் மெல்ல வழுக்குவது) ஒன்று நடந்து 5 செ.மீ. தள்ளிவிட்டால் நேர்க்கோடு பொருந்தாது. அதைக் கண்டுபிடிக்கவும் அடிக்கடி அளக்க வேண்டும்.

கப்பல் செலவு பிடிக்கும் என்பதால், அலையின் அசைவையே விசையாக்கி நகரும் ஆளில்லா மிதவைகளும் இப்போது இந்த வேலைக்கு வருகின்றன. 2021-இல் அலாஸ்காவின் சிக்னிக் நடுக்கத்துக்குப் பிறகு அப்படி ஒன்றைக் கொண்டுதான் அளந்தார்கள். கடலடி அழுத்த உணரிகள் உயர மாற்றத்தை இடைவிடாமல் சொல்லும், ஆனால் அவற்றின் அளவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டருக்குத் தானாகவே நழுவும். கிடைமட்ட நகர்வை அவை சொல்வதும் இல்லை.

வெளியிடப்பட்ட ஒரு வேக எண்ணைப் பார்த்தால், அது எதைச் சார்ந்து சொல்லப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். பூமி முழுவதற்கும் பொதுவான ஆயச் சட்டகத்தில் ஒரு எண் வரும். மேற்கு ஜப்பான் அமர்ந்திருக்கும் அமுர் தட்டைச் சார்ந்து சொன்னால் அதே நிலையத்துக்கு வேறு எண்ணும் வேறு திசையும் வரும். இரண்டு கட்டுரைகளின் அம்புக்குறிகளை அப்படியே ஒப்பிட்டுவிட்டு ‘வேகம் மாறிவிட்டது’ என்று சொல்லிவிட வேண்டாம். பிறகு, எத்தனை முறை அளந்தார்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இடையில் ஏதாவது கருவி மாற்றப்பட்டதா என்று பாருங்கள்.